பிளைண்ட் ஜோ டெத்: கட்டைவிரலிலிருந்து தொடங்குங்கள்

பாடகர் கிடையாது, மேளம் கிடையாது, பக்கவாத்தியம் எதுவும் கிடையாது. ஸ்டீல் தந்தி பூட்டிய ஒரு கித்தார், அதை வாசிக்கும் இருபது வயது இளைஞர் ஒருவர். 1959இல் ஜான் ஃபேஹி வெளியிட்ட ‘பிளைண்ட் ஜோ டெத்’ இசைத்தட்டில் இவ்வளவுதான் இருக்கிறது. பெட்ரோல் பங்க்கில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தோடு ஒரு பாதிரியாரிடம் கடனும் வாங்கி, சுமார் நூறு பிரதிகள் மட்டும் அச்சிட்டார். பழைய பொருள்கள் விற்கும் கடைகளில், மற்றத் தட்டுகளுக்கு நடுவே சில பிரதிகளை யாரும் பார்க்காதபோது செருகிவிட்டு வந்தார் என்றும் சொல்வார்கள். அந்த நூறு பிரதிகளில் தொடங்கிய இசையை அமெரிக்க காங்கிரஸ் நூலகம் 2010ஆம் ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்த்தது. நாட்டுப்புறப் பாடல்களையும், கறுப்பின அமெரிக்கர்களின் இசையான ப்ளூஸையும் தனிக் கித்தாரில், கச்சேரி மேடைக்குரிய முழு இசையாக வாசிக்கலாம் என்ற எண்ணமே இதற்குப் பிறகுதான் வலுப்பெற்றது.

இந்த இசைக்குள் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேட்க மட்டும் விரும்புகிறவர்களுக்கும் பயன்படும். வீட்டில் கித்தார் வைத்திருந்து, கார்ட் பிடித்து மேலும் கீழும் அடிப்பதோடு நின்றுபோனவர்களுக்கும் பயன்படும். இரண்டு தரப்பினருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: வலதுகைக் கட்டைவிரலைக் கேளுங்கள். இந்த இசையின் முதுகெலும்பு அது. மெட்டு அழகாக இருக்கிறது என்று அதன் பின்னாலேயே போகிறவர்கள், இரண்டு மூன்று பாடல்களுக்குப் பிறகு “எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே” என்று விட்டுவிடுகிறார்கள். கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டவர்கள் விடுவதில்லை.

எந்தப் பதிவைக் கேட்பது

இங்கேதான் முதல் குழப்பம் வரும். ‘பிளைண்ட் ஜோ டெத்’ என்ற பெயரில் ஒரு பதிவு அல்ல, மூன்று இருக்கின்றன. 1959இல் வந்தது முதல் பதிவு. அதன் பிரதிகள் தீர்ந்த பிறகு, 1964இல் மறுபடி வெளியிடும் வாய்ப்பு வந்தபோது ஃபேஹி பழைய ஒலிநாடாவை அப்படியே அச்சுக்கு அனுப்பவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் அவருடைய கை நன்றாகத் தேறியிருந்தது. உட்கார்ந்து மறுபடி வாசித்துப் பதிவு செய்தார். 1967இல் ஸ்டீரியோவில் இன்னொரு முறை. எட்டு ஆண்டுகளில் ஒரே தொகுப்பை மூன்று முறை வாசித்த கலைஞரை நான் வேறெங்கும் அறியேன். கற்றுக்கொள்கிறவருக்கு இது பெரிய வரம். ஒரே பாடல் ஒரே மனிதரின் கையில் எப்படி வளர்ந்தது என்பதைக் காதாலேயே அளந்து பார்க்கலாம்.

செய்ய வேண்டியது இது: 1967 பதிவில் தொடங்குங்கள். ஒலி தெளிவாக இருக்கும், விரல்கள் உறுதியாக இருக்கும். 1996இல் வந்த ‘தி லெஜெண்ட் ஆஃப் பிளைண்ட் ஜோ டெத்’ என்ற சிடி வெவ்வேறு ஆண்டுப் பதிவுகளை ஒன்றாகச் சேர்த்துத் தருகிறது. இணையத்தில் பாட்டுக் கேட்கும் தளங்களிலும் இந்தப் பெயரில் தேடலாம். பாடலின் பெயருக்குப் பக்கத்தில் ஆண்டு போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: தொலைபேசியின் சிறிய ஸ்பீக்கரில் இதைக் கேட்காதீர்கள். அந்த ஸ்பீக்கரால் கனமான ஒலியைத் தர முடியாது. கட்டைவிரல் வாசிக்கும் பாதி இசை அப்படியே காணாமல் போய்விடும். சாதாரண ஹெட்போன் போதும்.

யார் இந்த ஜோ டெத்

அப்படி ஒருவர் இல்லவே இல்லை. ஃபேஹி உருவாக்கிய கற்பனைக் கலைஞர் அவர். தட்டின் ஒரு பக்கத்தில் ஜான் ஃபேஹி என்றும் மறுபக்கத்தில் பிளைண்ட் ஜோ டெத் என்றும் பெயர் போட்டார். 1920களிலும் 30களிலும் பதிவு செய்த கறுப்பினக் கித்தார் கலைஞர்களில் கண் பார்வையற்றவர்கள் பலர்: பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன், பிளைண்ட் பிளேக், பிளைண்ட் வில்லி ஜான்சன், பிளைண்ட் வில்லி மெக்டெல். அந்த வரிசையில் இன்னொரு பெயர் போல ஒலிக்கும்படி இதை அமைத்தார். பின்னால் வந்த பதிப்புகளின் அட்டைக் குறிப்புகளில் இந்தக் கற்பனைக் கலைஞருக்கு வாழ்க்கை வரலாறே எழுதினார். படிக்கும்போது நம்பிவிடாதீர்கள்.

ஃபேஹி 1939இல் வாஷிங்டனில் பிறந்து, பக்கத்திலுள்ள மேரிலாந்து மாநிலத்து டகோமா பார்க்கில் வளர்ந்தவர். இந்தத் தட்டை வெளியிடத் தொடங்கிய நிறுவனத்துக்கும் ஊரின் பெயரையே வைத்து டகோமா ரெக்கார்ட்ஸ் என்றார். பதின்ம வயதில் சியர்ஸ் கடையின் அஞ்சல் பட்டியலைப் பார்த்து 17 டாலருக்கு வாங்கியது அவருடைய முதல் கித்தார். அப்போது அவருக்குப் பிடித்தது ப்ளூகிராஸ் என்னும் வெள்ளையரின் மலையக இசை. பழைய தட்டுகளைத் தேடி நண்பர் டிக் ஸ்பாட்ஸ்வுட்டோடு பால்டிமோர் போனபோது, பிளைண்ட் வில்லி ஜான்சனின் பக்திப் பாடல் ஒன்று கிடைத்தது. அதைக் கேட்டதும் முதலில் வயிற்றைப் புரட்டியது என்று பின்னாளில் சொன்னார். சிறிது நேரம் கழித்து மறுபடி போடச் சொல்லிக் கேட்டபோது அழுதுவிட்டார். அன்றிலிருந்து கறுப்பின மக்களின் பழைய இசைதான் அவருக்கு எல்லாம்.

இவ்வளவு வரலாறு எதற்கு என்று கேட்கலாம். இந்தத் தட்டில் கேட்கும் ஒவ்வொரு விரல் அசைவுக்கும் பின்னால் பெயரும் முகமும் உள்ள மனிதர்கள் இருக்கிறார்கள். இல்லாத ஜோ டெத்தை வியந்துவிட்டு, இருந்தவர்களைக் கேட்காமல் போவது நியாயம் ஆகாது. அவர்களைப் பற்றிக் கீழே வருகிறது.

முதல் முறை கேட்கும்போது

தட்டை முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் கேட்க வேண்டாம். நான்கு பாடல்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ‘ஸ்லிகோ ரிவர் ப்ளூஸ்’. ஃபேஹி சிறுவயதில் சுற்றித் திரிந்த டகோமா பார்க் பகுதியில் ஓடும் சிற்றோடைதான் ஸ்லிகோ. பெயரில் ப்ளூஸ் இருந்தாலும் சோகமான பாடல் அல்ல. நடந்துபோகிறவரின் வேகத்தில், மலர்ந்த முகத்தோடு போகும். தட்டின் வாசல் இதுதான்.

அடுத்து ‘இன் கிறைஸ்ட் தேர் இஸ் நோ ஈஸ்ட் ஆர் வெஸ்ட்’. இது தேவாலயத்தில் பாடும் கீதம். சொற்களை ஜான் ஆக்சன்ஹாம் 1908இல் எழுதினார். கிறிஸ்துவுக்குள் கிழக்கு மேற்கு என்ற பிரிவில்லை என்பது பொருள். இதில் மெட்டு வெளிப்படையாக மேலே நிற்கும். கூடவே முணுமுணுக்க முடியும். மெட்டும், அடியில் போகும் கனமான பேஸ் ஒலியும் தனித்தனியே எங்கே இருக்கின்றன என்று காது பழக இதைவிட நல்ல பாடல் தட்டில் இல்லை.

மூன்றாவது ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’. டபிள்யூ. சி. ஹாண்டி 1914இல் வெளியிட்டது. இதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள்: 1925இல் பெஸ்ஸி ஸ்மித் பாட, லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் கார்னெட் வாசித்த பதிவைக் கேளுங்கள். மாலைச் சூரியன் மறைவதைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று அந்தப் பெண் குரல் தொடங்கும். அதைக் காதில் வைத்துக்கொண்டு ஃபேஹியிடம் வந்தால், குரலின் இழுப்பையும் தயக்கத்தையும் அவருடைய விரல்கள் எப்படி எடுத்துக்கொள்கின்றன என்று தெரியும்.

நான்காவது ‘ஆன் டூயிங் அன் ஈவில் டீட் ப்ளூஸ்’. இது ஃபேஹியின் சொந்தப் பாடல். முதல் மூன்றும் பழகிய பிறகு இதற்கு வாருங்கள். பழைய ப்ளூஸின் சொல்முறையில் தொடங்கிய ஒருவர் தன் சொந்தப் பேச்சுக்கு நகர்வது இதில் கேட்கும்.

‘தி டிரான்சென்டென்டல் வாட்டர்ஃபால்’ என்ற நீண்ட பாடலைக் கடைசிக்கு ஒதுக்கிவைக்கச் சொல்வேன். ஃபேஹியைப் பரிசோதனைக் கலைஞர் என்று ஏன் சொல்கிறார்கள் என்பதற்கு விடை அதில்தான் இருக்கிறது. தாளம் நின்று நின்று போகும். ஒன்றோடொன்று ஒட்டாத சுரங்கள் வேண்டுமென்றே பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கும். பார்ட்டோக் போன்ற 20ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய இசையமைப்பாளர்களை அவர் விரும்பிக் கேட்டவர். அந்தக் கேள்வி ஞானம் மிசிசிப்பி ப்ளூஸ் விரல்களோடு இங்கே வந்து சேர்கிறது. முதல் நாளே இதைக் கேட்டால் மிரண்டுவிடுவீர்கள். காது பழகிய பின் கேட்டால், தட்டிலேயே துணிச்சலான பாடல் இதுதான் என்பீர்கள்.

கட்டைவிரலைப் பிரித்துக் கேட்பது

மறுபடி ‘ஸ்லிகோ ரிவர் ப்ளூஸ்’. இம்முறை மெட்டை மறந்துவிடுங்கள். அடியில், கனமான தந்திகளில் ‘தும் தும் தும் தும்’ என்று சீராக ஓர் ஒலி போய்க்கொண்டே இருக்கும். அது கட்டைவிரல். ஒரு தடித்த தந்தி, அதற்குப் பக்கத்துத் தந்தி, மீண்டும் முதல் தந்தி என்று மாறி மாறி அடிக்கிறது. அதற்கு மட்டும் காலால் தாளம் போடுங்கள். பாட்டு முடியும்வரை கால் தடுமாறாமல் போனால் நீங்கள் பிடித்துவிட்டீர்கள்.

பிறகு இன்னொரு முறை கேளுங்கள். கால் அப்படியே தாளம் போடட்டும். வாய் மெட்டை முணுமுணுக்கட்டும். சில இடங்களில் மெட்டின் சுரம் கால் தரையில் படும் அதே கணத்தில் விழும். சில இடங்களில் இரண்டு அடிகளுக்கு நடுவே, கால் மேலே இருக்கும்போது விழும். உடம்பை ஆட்டிவைக்கிற துள்ளல் எல்லாம் இந்த நடுவே விழும் சுரங்களிலிருந்துதான் வருகிறது. கட்டைவிரல் அசையாமல் நிற்பதால்தான் மற்ற விரல்களுக்கு இந்தச் சுதந்திரம் கிடைக்கிறது.

இதைக் கேட்கத் தெரிந்துவிட்டால் ‘ஜான் ஹென்றி’க்குப் போங்கள். நீராவித் துளைப்பொறியோடு போட்டி போட்டு, வென்று, சம்மட்டியைக் கையில் பிடித்தபடியே உயிர்விட்ட, ரயிலுக்குச் சுரங்கப்பாதை குடைந்த தொழிலாளியின் கதைப்பாடல் அது. கதை தெரிந்து கேட்டால் கட்டைவிரல் அடிக்கு வேறொரு கனம் வந்துவிடுகிறது.

இருந்தவர்களைக் கேளுங்கள்

மாறி மாறி அடிக்கும் இந்தக் கட்டைவிரல் ஃபேஹி கண்டுபிடித்தது அல்ல. இதைப் பஞ்சுபோல் மென்மையாக வாசித்தவர் மிசிசிப்பி ஜான் ஹர்ட். 1928இல் சில பாடல்கள் பதிவு செய்துவிட்டு ஊருக்குப் போய் விவசாய வேலை பார்த்தார். ‘அவலான்’ என் சொந்த ஊர் என்று ஒரு பாட்டில் அவர் பாடியிருந்ததை வைத்து, 1963இல் அந்த ஊருக்கே போய் அவரைக் கண்டுபிடித்தார்கள். மூன்று ஆண்டுகள் மேடைகளில் வாசித்து 1966இல் மறைந்தார். கித்தார் கற்கிறவர்கள் ஃபேஹிக்கு முன்னால் கேட்க வேண்டியவர் ஹர்ட்தான். அவருடைய கட்டைவிரலைப் பிடிப்பது எளிது.

ஃபேஹியும் இப்படி ஒருவரைத் தேடிப் பிடித்தார். புக்கா வைட் என்ற ப்ளூஸ் கலைஞர் மிசிசிப்பியிலுள்ள அபர்டீனைப் பற்றிப் பாடியிருந்தார். ‘புக்கா வைட், பழைய ப்ளூஸ் பாடகர்’ என்று எழுதி அபர்டீன் அஞ்சலகத்துக்கு ஒரு கடிதம் போட்டார் ஃபேஹி. அது மெம்பிஸில் இருந்த வைட்டின் கைக்கு உண்மையிலேயே போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆண்டு, 1964இல், நண்பர்கள் இருவரோடு சேர்ந்து மிசிசிப்பியின் டுனிகாவில் ஒரு மருத்துவமனையில் ஸ்கிப் ஜேம்ஸைக் கண்டார். 1931இல் பதிவு செய்த அந்த மகத்தான கலைஞரை உலகம் மறந்தே போயிருந்தது. சார்லி பேட்டன் என்ற இன்னொரு முன்னோடியைப் பற்றிக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஃபேஹி முதுநிலை ஆய்வேடு எழுதினார். அது 1970இல் புத்தகமாகவும் வந்தது.

ஆகவே உங்கள் பட்டியலில் இந்த நால்வரையும் சேருங்கள்: ஹர்ட், ஜேம்ஸ், பேட்டன், பிளைண்ட் வில்லி ஜான்சன். ஜான்சனின் ‘டார்க் வாஸ் தி நைட்’ 1927இல் பதிவானது. சொற்களே இல்லாமல் முனகலும் கித்தாரும் மட்டும். 1977இல் வாயேஜர் விண்கலங்களில் வைத்து அனுப்பிய தங்கத் தட்டில் இந்தப் பாடலும் இருக்கிறது, இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரின் பைரவியும் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

கித்தாரைக் கையில் எடுக்கிறவர்களுக்கு

கடையில் ‘ஸ்டீல் ஸ்ட்ரிங் அக்கூஸ்டிக்’ என்று கேளுங்கள். நைலான் தந்தி போட்ட கிளாசிக்கல் கித்தாரில் விரல் அவ்வளவாக வலிக்காது. ஆனால் இந்த இசையின் கணீர் ஒலி அதில் வராது. மரம், பிராண்ட் பற்றியெல்லாம் இப்போது கவலை வேண்டாம். பார்க்க வேண்டியது ஒன்று: தந்திக்கும் ஃப்ரெட் கம்பிக்கும் உள்ள இடைவெளி. அது அதிகமாக இருந்தால் கார்ட் பிடிக்கவே சிரமப்பட்டு, ஒரு மாதத்தில் கித்தாரை மூலையில் வைத்துவிடுவீர்கள். வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லி அதைக் குறைத்துத் தரச் சொல்லுங்கள். தந்தி மெல்லியதாக, முதல் தந்தி 11 அல்லது 12 அளவில் உள்ள செட் போதும். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் வாசித்து முடித்ததும் தந்திகளை உலர்ந்த துணியால் துடைத்துவையுங்கள். இல்லையென்றால் சீக்கிரம் துருப்பிடித்துவிடும்.

ஃபேஹி கட்டைவிரலிலும் மற்ற விரல்களிலும் பிக் என்னும் செயற்கை நகங்களை மாட்டிக்கொண்டு வாசித்தவர். தொடக்கத்தில் உங்களுக்கு அது வேண்டாம். வெறும் விரலின் சதையால் வாசித்தால்தான் எந்தத் தந்தியில் விரல் இருக்கிறது என்பது கைக்குத் தெரியும். கட்டைவிரல் சீரான பிறகு ஒரு பிளாஸ்டிக் தம்ப் பிக் வாங்கிக்கொள்ளலாம்.

விரல்களின் வேலைப் பிரிவினை இப்படி: தடித்த மூன்று தந்திகள், அதாவது ஆறு, ஐந்து, நான்கு, கட்டைவிரலுக்கு. மெல்லிய மூன்று தந்திகளை ஆள்காட்டிவிரலும் நடுவிரலும் பார்த்துக்கொள்ளும். மோதிரவிரல் இல்லாமலே ஹர்ட் வாசித்தவையெல்லாம் வரும். ரெவரண்ட் கேரி டேவிஸ் கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் மட்டும் வைத்தே வியக்கத்தக்க இசையை வாசித்தார்.

பயிற்சி

சி கார்டைப் பிடியுங்கள். ஐந்தாம் தந்தி மூன்றாம் ஃப்ரெட், நான்காம் தந்தி இரண்டாம் ஃப்ரெட், இரண்டாம் தந்தி முதல் ஃப்ரெட். மற்ற விரல்களை மறந்துவிட்டுக் கட்டைவிரலால் ஐந்து, நான்கு, ஐந்து, நான்கு என்று அடியுங்கள். சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியை நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து, ஒரு அடிக்கு ஒரு தந்தி. மணிக்கட்டு அசையக் கூடாது. கட்டைவிரல் அதன் அடி மூட்டிலிருந்து மட்டும் நகர வேண்டும். தந்தியை மேலே இழுக்காமல், கீழ்நோக்கி உருட்டி விடுங்கள். சரியாக அடித்தால் ஒலி உருண்டையாக இருக்கும். இழுத்தால் தந்தி ஃப்ரெட்டில் மோதி ‘டப்’ என்று கேட்கும்.

கட்டைவிரல் தானாக ஓடுகிறதா என்று சோதிக்க நல்ல வழி ஒன்று உண்டு. அடித்துக்கொண்டே வீட்டிலுள்ளவர்களிடம் பேசுங்கள். இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்டு, பதிலுக்குப் பதிலும் சொல்லுங்கள். பேசும்போது கட்டைவிரல் நின்றாலோ வேகம் மாறினாலோ இன்னும் பழக வேண்டும். இது நடக்கும்வரை அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள். அவசரப்பட்டால் பிறகு மெட்டு சேரும்போது எல்லாம் குலைந்துவிடும்.

அடுத்து ‘தகதிமி’ என்று வாயால் சொல்லுங்கள். ‘த’வும் ‘தி’யும் கட்டைவிரலுக்கு, ஐந்தாம் தந்தி, நான்காம் தந்தி. ‘க’வும் ‘மி’யும் இடைவெளிகள். முதலில் ‘த’ விழும்போதே நடுவிரலால் முதல் தந்தியையும் சேர்த்துக் கிள்ளுங்கள். இரண்டு விரலும் ஒரே கணத்தில் படவேண்டும். அது பழகியதும் அந்த முதல் தந்தியை ‘த’விலிருந்து எடுத்து ‘க’வில் வையுங்கள். பிறகு ‘மி’யில் ஆள்காட்டிவிரலால் இரண்டாம் தந்தியைச் சேருங்கள். இப்போது நான்கு அட்சரத்திலும் ஒலி வருகிறது. ஆனால் கட்டைவிரல் செய்வது பழைய வேலையேதான். இந்த இடத்தில் கையிலிருந்து வரும் ஒலி திடீரென்று பாட்டாகிவிடும். எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் அந்தக் கணத்தில் அவர்கள் தலை நிமிர்வதைப் பார்ப்பது எனக்கு அலுக்கவில்லை.

சி கார்டில் வந்ததும் ஜி7, எஃப் கார்டுகளுக்கு மாறுங்கள். ஜி7இல் கட்டைவிரல் ஆறாம் தந்திக்கும் நான்காம் தந்திக்கும் இடையே போகும். எஃப் கார்டை முழுப் பட்டையாகப் பிடிக்க வராவிட்டால் மெல்லிய நான்கு தந்திகளில் மட்டும் சின்ன எஃப் பிடித்து, கட்டைவிரலை நான்குக்கும் மூன்றுக்கும் இடையே விடுங்கள். கார்ட் மாறும் இடத்தில் இடதுகை தாமதித்தாலும் வலதுகைக் கட்டைவிரல் நிற்கக் கூடாது. தவறான தந்தியில் விழுந்தாலும் பரவாயில்லை, நேரம் தவறக் கூடாது.

இந்த மூன்று கார்டுகள் கையில் இருந்தால் ‘ஸ்லிகோ ரிவர் ப்ளூஸ்’ பக்கம் போகலாம். அதைச் சாதாரண ட்யூனிங்கில், சி கார்டை மையமாக வைத்தே வாசிக்கலாம். டேப் என்னும் விரல்குறிப்புத் தாள் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு நாளைக்கு ஒரு வரிக்கு மேல் வேண்டாம். முதலில் அந்த வரியின் கட்டைவிரல் பகுதியை மட்டும் வாசியுங்கள். பிறகு மெட்டை மட்டும். கடைசியில் இரண்டையும் சேர்த்து, பதிவின் வேகத்தில் பாதிக்கு. அவ்வப்போது தொலைபேசியில் பதிவு செய்து தேதி போட்டு வையுங்கள். 1964, 1967 பதிவுகளைக் கேட்கும்போது எந்த இடத்தில் எது மாறியிருக்கிறது என்று கவனித்த காது, உங்கள் சொந்தப் பதிவுகளையும் அதே நிதானத்தோடு கேட்கும்.

ஓப்பன் ட்யூனிங்

சாதாரண ட்யூனிங்கில் ஒரு பாட்டு உருப்படியாக வந்த பிறகே இதற்கு வாருங்கள். தந்திகளின் சுருதியை மாற்றி, எந்தக் கார்டும் பிடிக்காமல் எல்லாத் தந்திகளையும் தடவினாலே ஒரு கார்ட் ஒலிக்கும்படி வைப்பதுதான் ஓப்பன் ட்யூனிங். பழைய ப்ளூஸ் கலைஞர்களிடமிருந்து ஃபேஹி எடுத்துக்கொண்ட மிகப் பெரிய செல்வம் இது. நம் காதுக்கு இது உடனே பிடித்துவிடும். தம்புரா போலப் பின்னால் சுருதி நின்றுகொண்டே இருக்கும், அதன்மேல் மெட்டு நடக்கும். 1960களின் பிற்பகுதியில் ஃபேஹி ஒரு பாடலுக்கு ராகம் என்றே பெயர் வைத்தார். அவருடைய டகோமா நிறுவனத்தில் பதிவு செய்த ராபி பாஷோ இந்துஸ்தானி இசையில் இன்னும் ஆழமாக இறங்கியவர்.

முதலில் ஓப்பன் ஜி பழகுங்கள். ஆறாம் தந்தியை ஈயிலிருந்து டிக்கும், ஐந்தாம் தந்தியை ஏயிலிருந்து ஜிக்கும், முதல் தந்தியை ஈயிலிருந்து டிக்கும் இறக்குங்கள். மூன்றும் தளர்த்துகிற வேலைதான், தந்தி அறுமோ என்று பயப்பட வேண்டாம். நான்காம் தந்தி டியாகவே இருப்பதால், ஆறையும் முதலாவதையும் அதோடு ஒத்துப்பார்த்தே காதால் ட்யூன் செய்துவிடலாம். மூன்றாம் தந்தி ஜியோடு ஐந்தாவது சேரும். ட்யூனர் கருவி இருந்தாலும் ஒருமுறை காதால் செய்து பாருங்கள்.

தந்தியின் மேல் வழுக்கிச் சுரத்தை இழுக்க உதவும் ஸ்லைடு குழாயை இப்போதே விரலில் மாட்டிக்கொள்ள ஆசை வரும். தள்ளிவையுங்கள். ஸ்லைடில் சுருதி தவறாமல் நிற்கக் காது முதலில் தயாராக வேண்டும். அதுவரை ஓப்பன் ஜியில் கட்டைவிரலை ஐந்துக்கும் நான்குக்கும் இடையே ஓடவிட்டு, முதல் தந்தியில் மட்டும் உங்களுக்குத் தெரிந்த எளிய மெட்டு ஒன்றை வாசித்துப் பழகுங்கள். தாலாட்டோ, பள்ளியில் பாடிய பிரார்த்தனைப் பாட்டோ, எதுவானாலும் சரி. ஃபேஹி தான் வளர்ந்த தேவாலயத்துக் கீதங்களை எடுத்துக்கொண்டது போலத்தான் இதுவும்.

இதற்குப் பிறகு

கேட்பதற்கு: டகோமா நிறுவனத்திலேயே 1969இல் வந்த லியோ காட்கேயின் ‘6 அண்ட் 12 ஸ்ட்ரிங் கித்தார்’. ஃபேஹி நிதானமாக நடக்கும் இடத்தில் காட்கே ஓடுவார். கேட்க உற்சாகமாக இருக்கும், ஆனால் அந்த வேகத்தைத் தொடக்கத்திலேயே பின்பற்ற முயன்றால் கட்டைவிரல் கெட்டுவிடும். 1968இல் ஃபேஹி வெளியிட்ட கிறிஸ்துமஸ் கீதங்களின் தொகுப்பு ‘தி நியூ பாசிபிலிட்டி’ அவருடைய தட்டுகளிலேயே மிக அதிகம் விற்றது. மெட்டுகள் தெரிந்தவை என்பதால் அவர் விரல்கள் அவற்றை என்ன செய்கின்றன என்பது பளிச்சென்று தெரியும்.

வாசிப்பதற்கு: ‘சன்ஃப்ளவர் ரிவர் ப்ளூஸ்’. இது ‘டெத் சாண்ட்ஸ், பிரேக்டவுன்ஸ் அண்ட் மிலிட்டரி வால்ட்ஸஸ்’ என்ற அடுத்த தொகுப்பில் இருக்கிறது, ஓப்பன் சி ட்யூனிங். ஆறாம் தந்தியை ஈயிலிருந்து சிக்கு முழுதாக இரண்டு ஸ்வர அளவு இறக்குங்கள். ஐந்தாவதை ஜிக்கு, நான்காவதை சிக்கு. மூன்றாவதும் முதலாவதும் இருந்தபடியே இருக்கட்டும். இரண்டாவது தந்தியை மட்டும் பியிலிருந்து சிக்கு அரை ஸ்வரம் ஏற்ற வேண்டும். பழைய தந்தியாக இருந்தால் முகத்தைச் சற்று விலக்கி வைத்துக்கொண்டு, முறுக்கியை மெதுவாகத் திருப்புங்கள். ஆறாம் தந்தி இவ்வளவு தளர்ந்த பிறகு கட்டைவிரலின் அழுத்தத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டியிருக்கும்; இல்லையென்றால் அதன் சுருதி ஒவ்வொரு அடியிலும் மேலேறி இறங்கும்.